தூசி தட்டத் தட்டத் தும்மல் கூடுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. காலையில் கண் விழித்த உடனே அடுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடுகிறது. மூக்கைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். பள்ளிக்குப் போனதும் குறைந்துவிடுகிறது. விடுமுறை நாளில் மதியம் வரை நீடிக்கிறது. எங்கள் வீடு சாலையோரம். காலையும் மாலையும் பெருக்குகிறேன், மேசை, அலமாரி எல்லாவற்றையும் இறகுத் துடைப்பத்தால் தட்டுகிறேன். ஆனாலும் மறுநாளே மேசைமேல் விரலால் எழுதலாம் போலத் தூசி படிந்திருக்கிறது. "நீ சரியாகச் சுத்தம் செய்வதில்லை" என்று வீட்டில் பேச்சு வேறு. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதும் என்கிறார் கணவர். மெத்தையை மாற்றுவதா, கர்ட்டன்களைக் கழற்றிவிடுவதா, அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி பொம்மையைத் தூக்கிப் போடுவதா என்று குழம்பிப்போயிருக்கிறேன். எங்கிருந்து தொடங்கட்டும் டாக்டர்?

பதில் சொல்பவர்: ஒவ்வாமை சிகிச்சை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் சுத்தம் போதாது என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சாலையோர வீட்டில் மறுநாளே மேசையில் தூசி படிவது இயல்பு. அதை வைத்து உங்கள் உழைப்பை எடைபோடுவது நியாயமே இல்லை. என் கவலை வேறு. நீங்கள் படும் பாட்டில் பெரும்பங்கு, பையனின் மூக்குக்குப் பலன் தராத இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பகுதி அவனுக்குத் தொந்தரவாகவும் முடிகிறது. அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால், இப்போதைவிடக் குறைவான வேலையிலேயே நல்ல மாற்றத்தைப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது மேசைத் தூசியைப் பற்றிய வரியை அல்ல; எழுந்ததும் தும்மல், பள்ளிக்குப் போனால் குறைகிறது என்ற வரியை. கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் இந்த நேரக்கணக்கைக் கேட்டதும் எந்த ஒவ்வாமை மருத்துவரும் முதலில் படுக்கையைத்தான் சந்தேகப்படுவார். இரவில் எட்டு ஒன்பது மணி நேரம் அவன் முகம் புதைந்திருக்கும் தலையணையும் மெத்தையும்தான் உங்கள் முதல் வேலை. மேசை கடைசி.

வீட்டுத் தூசி ஒரே பொருள் கிடையாது. செருப்போடு வந்த மண், சாலைப் புகையின் கரி, துணியிலிருந்தும் மெத்தையிலிருந்தும் உதிரும் இழை, முடி, தோல் செதில், மகரந்தம், பூஞ்சை வித்துகள், பூச்சிகளின் உடல் துணுக்கு எல்லாம் கலந்தது. 'வீட்டுத் தூசியில் பெரும்பகுதி நம் தோல்தான்' என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மிகை. உதிரும் தோலில் நிறையவே குளிக்கும்போது தண்ணீரோடு போய்விடுகிறது. பல வீடுகளில் தூசியின் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருவதுதான். மேசைமேல் நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறப் படலம் பெரும்பாலும் அந்த மண்ணும் கரியும் இழையும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், காலைத் தும்மலுக்கு அது முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

தும்ம வைக்கும் சரக்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 1964-இல் நெதர்லாந்தின் லெய்டனில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும் ஸ்பீக்ஸ்மா என்ற உயிரியலாளரும், வீட்டுத் தூசி ஒவ்வாமையின் மூலம் டஸ்ட் மைட் எனப்படும் தூசி உண்ணிதான் என்று எடுத்துக்காட்டினார்கள். சிலந்தி இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால் உள்ள உயிர் அது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கடிக்காது, நோய் பரப்பாது. உதிர்ந்த தோல் செதிலைத் தின்று மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் வாழும். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குச் சுமார் 20 எச்ச உருண்டைகள் போடும். அந்த எச்சத்தில் உள்ள புரதம்தான் மூக்கையும் கண்ணையும் உறுத்துகிறது. எவ்வளவு சுத்தமான வீட்டிலும் இது இருக்கும். வந்துவிட்டதே என்று வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. இதனால் தண்ணீர் குடிக்க முடியாது. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வறண்டு சாகும். படுக்கையை அது விரும்புவதற்குக் காரணமும் இதுதான்: நம் வியர்வை, மூச்சு, உடல் சூடு, தின்னத் தோல் செதில், எல்லாம் அங்கே கிடைக்கிறது.

ஆகவே படுக்கையில் இருந்து தொடங்குங்கள். தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் உண்ணிகளைக் கொல்லும். குளிர்ந்த தண்ணீர் கொல்லாது. ஆனால் ஒவ்வாமைப் புரதம் தண்ணீரில் கரையும் என்பதால் சாதாரணமாகத் துவைத்தாலும் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் வெந்நீரில் போட முடியாத துணியைத் துவைக்காமல் விட்டுவிடாதீர்கள். துவைத்ததை முழுக்கக் காயவிட்டு விரியுங்கள். அரை ஈரத்தில் மடித்து வைப்பது இவற்றை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி.

மெத்தையை மாற்ற வேண்டாம். புது மெத்தையிலும் சில மாதங்களில் இவை குடியேறிவிடும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த முழு உறை வாங்குங்கள். ஒவ்வாமைக்கென்றே மிக நெருக்கமாக நெய்த துணியில் கிடைக்கிறது. நெசவின் இடைவெளி 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எச்ச உருண்டை பெரும்பாலும் அதைவிடப் பெரியது, உறையைத் தாண்டி வராது. பிளாஸ்டிக் உறையும் தடுக்கும், ஆனால் வியர்த்துக் கொட்டும், குழந்தை தூங்க மாட்டான். பையன் எழுந்ததும் போர்வையை உடனே மடித்துப் படுக்கையை மூடாமல், கொஞ்ச நேரம் விரித்தபடி விட்டால் இரவு ஈரம் காயும். ஒரே அறையில் இரண்டு கட்டில் இருந்தால் இரண்டுக்கும் உறை போட வேண்டும். அண்ணன் தம்பி கட்டிலில் புரண்டு விளையாடாத பிள்ளை உண்டா?

இனி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம், துடைப்பம். ஒரு தூசித் துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெதுவாகக் கீழே இறங்கும். காற்று அசையாத அறையில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 10 மைக்ரான் துகள் தரைக்கு வரச் சுமார் எட்டு நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு மைக்ரான் துகள் பாதி நாள் மிதக்கும். ஃபேன் ஓடினால் இன்னும் நேரமாகும். உலர்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் மண்ணும் முடியும் முறத்துக்கு வருகின்றன. மென்தூசி மேலே எழும்பி, நீங்கள் வேலை முடித்து உட்கார்ந்த பிறகு மறுபடி மேசைமேல் இறங்குகிறது. இறகுத் துடைப்பம் இதையே மேசை உயரத்தில், முகத்துக்கு நேராகச் செய்கிறது. நீங்கள் தட்டிய தூசிதான் அடுத்த நாள் உங்கள் விரலில் ஒட்டுகிறது, குறைந்தபட்சம் அதில் ஒரு பங்கு. தரைக்கு அருகில் விளையாடும் குழந்தை பெரியவர்களைவிட அதிகமாக இதைச் சுவாசிக்கிறது.

இறகுத் துடைப்பத்தை எடுத்துப் போட்டுவிடுங்கள். மேசை, ஜன்னல் கட்டை, கட்டிலின் தலைமாடு எல்லாவற்றையும் லேசாக ஈரப்படுத்தி நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். மைக்ரோஃபைபர் துணி கிடைத்தால் நல்லது, அதன் நுண்ணிய இழைகள் தூசியைப் பற்றிக்கொள்ளும். பழைய பருத்திப் பனியன் துணியும் போதும். துணி சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது, தூசி சேறாகி மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் அழுக்கானதும் மடிப்பைத் திருப்புங்கள், அலசுங்கள். அழுக்குத் துணியால் துடைப்பது தூசியை இடம் மாற்றுவதோடு சரி.

மேலே தொடங்கிக் கீழே முடியுங்கள்: ஒட்டடை, ஃபேன், அலமாரி உச்சி, மேசை, கடைசியில் தரை. ஃபேன் இறக்கையைத் துடைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய தலையணை உறையை இறக்கைமேல் சட்டை போல மாட்டி, இரு பக்கமும் அழுத்திப் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆடாத ஏணியில் நின்று செய்யுங்கள். தரையைப் பெருக்கத்தான் வேண்டும் என்றால் மெதுவாக, துடைப்பத்தைத் தரையிலிருந்து தூக்காமல் இழுங்கள், பிறகு ஈர மாப் போடுங்கள். பையன் அறையில் பெருக்குவதையே விட்டுவிட்டு மாப் மட்டும் போட்டாலும் பாதகமில்லை. நாளைக்கு இரண்டு முறை தேவையில்லை. அவன் அறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈரத்துடைப்பு, மற்ற அறைகளில் வாரம் இரண்டு மூன்று தடவை. இது போதும்.

சுத்தம் செய்யும் நேரத்தையும் பாருங்கள். அவன் பள்ளியில் இருக்கும்போது செய்வது சிறந்தது. உண்ணியின் எச்சம் கனமானது, கிளறினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். அவன் வீட்டில் இருக்கும்போது செய்ய நேர்ந்தால், முடிந்து அரை மணி நேரமாவது கழித்து அறைக்குள் விடுங்கள். படுக்கையைத் தட்டி உதறும் வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் மூக்கு ஒழுகினால் அந்த நேரத்தில் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

வேக்குவம் கிளீனர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கார்பெட் இல்லாத வீட்டில் ஈரத்துணியே பெரும்பாலும் போதும். வாங்குவதானால் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா என்ற வடிகட்டி உள்ளதாக, மூடி நன்றாகப் பொருந்துவதாக வாங்குங்கள். சாதாரண இயந்திரம் முன்னால் உறிஞ்சிய மென்தூசியைப் பின்னால் காற்றோடு ஊதிவிடும். தூசிப் பெட்டியை வீட்டுக்கு வெளியே, பையன் இல்லாதபோது காலி செய்ய வேண்டும். அவன் அறையில் கார்பெட் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், துவைக்கக்கூடிய சிறு விரிப்பு போதும்.

கரடி பொம்மையைத் தூக்கிப் போடவே வேண்டாம். எட்டு வயதுக் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்கினால் தும்மலைவிடப் பெரிய அழுகை வரும், தேவையும் இல்லை. துவைக்கக்கூடிய பொம்மையானால் படுக்கை விரிப்போடு சேர்த்துத் துவைத்து, உள்பஞ்சு வரை காயவிடுங்கள். வெந்நீர் தாங்காது என்றால் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். குளிர் உண்ணியைக் கொல்லும், அலசினால்தான் எச்சம் போகும், இரண்டும் வேண்டும். கட்டிலில் ஒரு பொம்மை போதும். மற்றவை மூடி போட்ட பெட்டியில் இருக்கட்டும்.

கர்ட்டன் விஷயத்திலும் பதற்றம் வேண்டாம். கனமான, மடிப்பு மடிப்பாக இருக்கும் துணியை அவன் அறையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை துவைக்கக்கூடிய மெல்லிய துணி போடுங்கள். சாலையோர வீட்டுக்குக் கர்ட்டனும் ஜன்னல் வலையும் தூசியைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றைத் துவைக்காமல் விடும்போதுதான் அவையே தூசிக் கிடங்காகின்றன. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி, பழைய துணி மூட்டை ஏதாவது தள்ளி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள்.

ஏர் பியூரிஃபையர் பற்றி உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. அந்தக் கருவி காற்றில் மிதப்பதைத்தான் பிடிக்கும். மெத்தையில் இருப்பதையும் மேசையில் படிந்ததையும் உறிஞ்சி எடுக்காது. உண்ணியின் எச்சம் சீக்கிரம் கீழே இறங்கிவிடுவதால் காலைத் தும்மலுக்கு அது தரும் உதவி சிறிது. சாலைப் புகை, பூனை நாய் வளர்ப்பவர் வீட்டில் அவற்றின் செதில், சிகரெட் புகை ஆகியவை மணிக்கணக்கில் மிதப்பவை. அவற்றுக்கு நல்ல பலன் உண்டு. உங்கள் வீடு சாலையோரம் என்பதால் வாங்குவது வீண் என்று சொல்ல மாட்டேன். மெத்தை உறைக்குப் பிறகு வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். வடிகட்டி உண்மையான ஹெபாவாக இருக்க வேண்டும், அதாவது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஒரு எண் இருக்கும், நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தக் காற்று தருகிறது என்பது அது. அந்த எண் அறையின் சதுர அடிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும். 120 சதுர அடி அறைக்கு 80. சில பெட்டிகளில் இதை மணிக்குக் கன மீட்டராகப் போட்டிருப்பார்கள், அப்படியானால் 80-க்குப் பதில் 136 என்று தேடுங்கள். பையன் அறையில் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஓசோன் வெளியிடும் கருவியை யார் சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, இளைப்பு உள்ள குழந்தைக்குக் கெடுதல்.

ஏ.சி. இருந்தால் அதன் வலை வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அறை ஈரத்தைக் குறைப்பதில் ஏ.சி. உதவும். பெரும்பாலான வீட்டு ஏ.சி.கள் அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகின்றன, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளித் தூசிக்கு வாசலிலேயே வேலை இருக்கிறது. செருப்பு, ஷூ வாசலோடு நிற்கட்டும். கதவுக்கு வெளியே சொரசொரப்பான மிதியடி ஒன்று, உள்ளே துவைக்கக்கூடியது ஒன்று. உள்ளே போடுவது நீளமாக இருந்தால் நல்லது, இரண்டு மூன்று அடி வைத்து நடந்த பிறகே பாதத்து மண் முழுக்க உதிரும். மிதியடியையே வாரக்கணக்கில் உதறாமல் விட்டால் பயனில்லை. கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம். ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொல்ல மாட்டேன், சாத்தினால் உள்ளே ஈரமும் சமையல் புகையும் தேங்கும். சாலையில் வண்டி குறைவாக ஓடும் நேரத்தில், சாலையைப் பார்க்காத பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தால், நான் இதுவரை சொன்ன அத்தனையும் பாதி வீண். அதை முதலில் நிறுத்துங்கள்.

சுவர் ஓதம், கரும்பூஞ்சை எங்கேனும் தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் கசிவைச் சரிசெய்யுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று அறையில் தொங்கட்டும். ஈரமான பருவத்தில் 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியாமல் போகலாம், 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பூஞ்சை அடங்கும். கரப்பான் பூச்சித் தூசியும் பலருக்கு ஒவ்வாமை தரும், சமையலறைச் சந்துகளைக் கவனியுங்கள். பல பத்தாண்டுகள் பழைய வீடாக இருந்து பெயின்ட் உரிந்து கொட்டினால் அதை உலர்வாகச் சுரண்டாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்து பார்த்துவிட்டு 'பலனில்லை' என்று விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் மெத்தை உறையை மட்டும் கொடுத்துச் சோதித்து 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் உறையால் பலன் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அதே இதழில், அமெரிக்காவின் ஏழு நகரங்களில் ஆஸ்துமா உள்ள 937 குழந்தைகளின் வீடுகளில் உறை, வேக்குவம், காற்று வடிகட்டி, கரப்பான் ஒழிப்பு என்று அந்தந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாதோ அதைப் பார்த்துச் சேர்த்துச் செய்த ஆய்வு வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இளைப்பு வரும் நாட்கள் குறைந்தன, வேலைகள் முடிந்த பிறகும் ஓராண்டு அந்தப் பலன் நீடித்தது. அதனால்தான் படுக்கை, துடைக்கும் முறை, ஈரம் மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கச் சொல்கிறேன். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், மெத்தையில் சேர்ந்த சரக்கு ஒரே வாரத்தில் போகாது.

இதற்கிடையில் பையனை ஒரு முறை நேரில் காட்டுங்கள். கையில் சிறு துளிகள் வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அவனுக்கு ஒவ்வாதது உண்ணியா, பூஞ்சையா, மகரந்தமா, கரப்பானா என்று பெரும்பாலும் அதில் தெரியும். பூஞ்சை என்று வந்தால் மெத்தை உறைக்குச் செலவழிப்பதைவிட ஓதத்துக்குச் செலவழிக்கலாம். பரிசோதனைக்கு முன் சில நாட்கள் அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை போடுங்கள். இரவில் இருமல், ஓடினால் நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம், இவற்றில் எது இருந்தாலும் மெத்தை உறை வந்து சேரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப் போங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டு விலா உள்வாங்கினாலோ, பேசத் திணறினாலோ அன்றைக்கே, அந்த நேரத்திலேயே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும்.